நான் சொன்னது நாலு நம்பர் பெட்டி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் போட்டோ தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் நான்தான் என்பார்கள். என் வீட்டுக்காரர் ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சொன்னால் ஊர் நம்பும். நான் சொன்னால் சிரிக்கும்.

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்தாள் என் அம்மா. இந்தக் கதையில் அது நடக்காது. அவர் பேர் நல்லசிவம். அரண்மனை ரோட்டில் சிவம் ஸ்டுடியோ என்று ஒரு போர்டு தொங்கும், அது அவருடையது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சுக்கு மூட்டை தூக்க வந்தவரின் மகன், சொந்தமாகக் கேமரா வாங்கி சொந்தமாக போர்டு மாட்டினார். கெட்டிக்காரர்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

கல்யாணமான மறுமாதத்திலிருந்து என் வேலை இரண்டாவது ப்ளாஷ் பிடிப்பது. கேமரா தலையில் ஒரு ப்ளாஷ் இருக்கும். அது முகத்துக்கு நேராக அடிக்கும். இன்னொன்று பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ அடித்தால்தான் கன்னத்தில் உருட்சி தெரியும், நகை மின்னும், ஆள் சுவரை விட்டு முன்னால் வந்து நிற்பார். அந்த இன்னொன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். அவர் கேமராவிலிருந்து என் கையிலிருக்கும் ப்ளாஷுக்கு நீளமாக ஒரு வயர் வரும். அவர் பட்டனை அமுக்கினால் என் கையிலும் வெளிச்சம் அடிக்கும். அவர் நகர்ந்தால் நானும் நகர வேண்டும். பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது ஒரு தமாஷ். நல்லசிவம் பெண்டாட்டியைக் கயிறு கட்டி மேய்க்கிறான் என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கேமரா என் கைக்கு வந்தது வேறு வழியில். இங்கே கச்சி மேமன் முஸ்லிம்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கிற கூடத்துக்குள் ஆண்பிள்ளை கால் வைக்க முடியாது. வாசலில் திரை தொங்கும். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இவர் கேமராவை என் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார். முதலில் எல்லாவற்றையும் தானே திருகி வைத்துவிட்டு, நீ அமுக்க மட்டும் செய், வேறு ஒன்றையும் தொடாதே என்பார். தொட்டேன். அவர் திருகி வைத்ததை உள்ளே போனதும் மாற்றினேன். படம் நன்றாக வந்தது. தான் திருகி வைத்ததால்தான் நன்றாக வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உள்ளே எனக்கு ஒற்றை ப்ளாஷ்தான். வெள்ளையடித்த கூடத்தில் நேராக அடித்தால் முகமெல்லாம் மைதா மாவு பூசினது மாதிரி வரும். பின்சுவரில் கருகருவென்று ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ப்ளாஷை வயர் போட்டு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தேன். ஓடி விளையாடிய ஒரு குழந்தை வயரில் தடுக்கி, ஷர்பத் ஜாடி கவிழ்ந்து, கல்யாணப் பெண்ணின் உடுப்பெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. அதற்குப் பிறகு வயரை உள்ளே எடுத்துப் போகவில்லை. தட்டையாகவே படம் எடுத்தேன். எங்கே வெளிச்சம் விழ வேண்டும் என்று எனக்குத் தெரியும், அங்கே வெளிச்சத்தை வைக்கத்தான் வழி இல்லை.

எண்பத்தைந்தில் ஹவாபாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற பெரிய வீடு. ஹவாபாய்தான் அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தலை. அவர் ஒரு சொல் சொன்னால் அந்தத் தெருவில் எந்த வீட்டுத் திரையும் திறக்கும். கடைசி மகளுக்கு நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் வைத்திருந்தார்கள். பெண்கள் பக்கத்துக்குத் தனி ஆல்பம் வேண்டும், அதை முழுக்க நீதான் எடுக்க வேண்டும், ஆல்பத்தில் உன் பேர் இருக்கட்டும் என்றார். இது நன்றாக வந்தால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கெல்லாம் நீயே போகலாம், உன் வீட்டுக்காரர் கூட வர வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் படவில்லை. அந்த வாரமே படகேறி எர்ணாகுளம் போய் பிராட்வேயில் ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்பு செய்யக் கொடுத்தேன். பாக்கியலக்ஷ்மி, போட்டோகிராபர், மட்டாஞ்சேரி. மலையாளத்தில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. படத்துக்குப் பின்னால் அடிக்கிறதற்கு. அதுவரை நான் எடுத்த படத்துக்கெல்லாம் பின்னால் சிவம் ஸ்டுடியோ ஸ்டாம்புதான் விழுந்திருக்கிறது.

இந்த ஆல்பத்தைத் தட்டையாக எடுக்கக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். வயர் இல்லாமல் இரண்டாவது ப்ளாஷ் அடிக்கிற பெட்டிகள் வந்திருப்பதாக அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். பிடித்துக்கொண்டேன். ஹவாபாய் வீட்டு வேலை என்றதும் அவரும் சரி என்றார். கப்பல் சாமான் விற்கிற அழகர் அண்ணனிடம் சொல்லி வைத்தோம். அழகர் மதுரைக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு, கப்பல்காரர்கள் கொண்டுவருகிற சீமைச் சாமானை பஜார் ரோட்டில் ஒரு மச்சு அறையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் மூன்று தினுசு எடுத்து வந்தார். வைத்துப் பாருங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வயர்லெஸ் என்று தெருவில் கத்தாதீர்கள், லைசன்ஸ் கேட்டு வந்துவிடுவார்கள் என்றார்.

முதல் தினுசு கண் மாதிரி. தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். இன்னொரு ப்ளாஷ் வெளிச்சத்தைக் கண்டால் உடனே தன் ப்ளாஷை அடித்துவிடும். விலை சல்லிசு. என் வீட்டுக்காரருக்கு அதுதான் முதலில் பிடித்தது. செர்லாயில் ஒரு கொங்கணிக் கல்யாணத்துக்கு அதைக் கொண்டுபோனோம். கல்ஃபிலிருந்து வந்த மச்சான்மார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா, ஒவ்வொரு கேமராவிலும் ஒரு ப்ளாஷ். எவன் அடித்தாலும் எங்கள் கண் கூடவே அடித்தது. ஊரான் படத்துக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

மற்ற இரண்டும் ரேடியோ. கேமரா மேலே அனுப்புகிற பெட்டி, ப்ளாஷ் அடியில் வாங்குகிற பெட்டி. ஒன்று வெள்ளி நிறம். இழுத்தால் முழ நீளத்துக்குக் கம்பி வரும். முந்நூறு அடி பாயும் என்றார் அழகர். இன்னொன்று கறுப்பு, குட்டை, கம்பி இருக்கிறதே தெரியாது. நூறு அடிதான் போகும். ஆனால் அதில் ஒன்றிலிருந்து நாலுவரை நம்பர் போட்ட ஒரு திருகு இருந்தது. இதில் இரண்டு வைத்தால் அதிலும் இரண்டு வைக்க வேண்டும். நம்பர் ஒத்துப் போனால்தான் அடிக்கும்.

சோதனை பண்ணியது நான். அவருக்கு ஸ்டுடியோ வேலை. எங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் காயல், அதற்கு அந்தப் பக்கம் துறைமுகம் இருக்கிற ஐலண்டும் கப்பலும். வெள்ளிப் பெட்டியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கீழே அரிசி களைந்துகொண்டிருப்பேன், மாடியில் பளிச்சென்று அடிக்கும். அங்கே ஆளே இருக்காது. துறைமுகத்தில் யாராவது யாரிடமோ வயர்லெஸ்ஸில் பேசினால் இதற்குப் பொறுக்காது. எல்லாப் பேச்சையும் தனக்கென்று எடுத்துக்கொள்கிற மாமியார் மாதிரி. கறுப்புப் பெட்டியும் ஒன்றாம் நம்பரில் அப்படித்தான் துள்ளியது. மூன்றாம் நம்பரில் வைத்தேன். பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. நான் அமுக்கினபோது மட்டும் அடித்தது. பக்கத்துச் சுக்குக் கிடங்கில் கேட்டு, மூட்டை அடுக்குக்குப் பின்னால் வைத்து, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அமுக்கினேன். அடித்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சாயா கொடுக்கும்போதே சொன்னேன், நாலு நம்பர் பெட்டி வாங்குங்கள் என்று. நீங்கள் வெளியே ஒரு நம்பர், நான் உள்ளே ஒரு நம்பர், ஒருத்தர் வேலையில் ஒருத்தர் தலையிட வேண்டாம் என்றேன். நல்ல யோசனை என்றார். அழகரிடம்கூட, எல்லாம் எம் பொண்டாட்டிதான் சோதிச்சுப் பார்த்தா என்று பெருமையாகச் சொன்னாராம்.

மறுநாள் வெள்ளிப் பெட்டியோடு வந்தார்.

நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார். "அது பாக்கதுக்கு சோப்பு டப்பா மாதிரி இருக்குட்டி. இந்தக் கம்பிய இழுத்து வச்சுட்டு நின்னா கல்யாண வீட்ல நாலு பேரு வந்து கேப்பான். முந்நூறு அடி பாயும் கேட்டியா."

முந்நூறு அடி பாய்கிற அளவுக்கு எந்தக் கல்யாணப் பந்தல் இருக்கிறது என்று கேட்டேன். அழகர் இரண்டு செட் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஆளுக்கு ஒன்று, இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும் என்று என் வீட்டுக்காரர் மேசைமேல் பரப்பி வைத்தார். என்ன வேண்டும் என்று காட்டினேன். இரண்டு ப்ளாஷையும் எடுத்து வைத்து, ஒரு பெட்டியை மட்டும் அமுக்கினேன். இரண்டும் அடித்தன. நடுவில் சுவர் இருக்குமே என்றார். ஒரு ப்ளாஷை அடுக்களையில் விறகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். முன்னறையிலிருந்து அமுக்கச் சொன்னேன். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அழகர் என்ன நினைப்பார் என்றார். நான் என்ன நினைப்பேன் என்பது கணக்கில் வரவில்லை. பெரிய சண்டை. கடைசியில், ஹவாபாய் வீட்டில் நான் என் செட்டைத் தொடவே மாட்டேன், கூலிக்கு ஒரு ஆளைப் போட்டு வயரிலேயே எடுக்கிறேன், வயர்லெஸ் முழுக்க உனக்குத்தான், அம்மை மேலே சத்தியம் என்றார். செத்துப்போன அம்மை. அதனால் தைரியமாகச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நம்பினேன். இன்னொரு செட்டைப் பைக்குள் வைத்தபோதும், உன்னுடையது கெட்டால் மாற்றுக்கு என்றார். அதையும் நம்பினேன்.

நிக்காஹ் அன்று மழை. முற்றத்தில் தகரப் பந்தல் போட்டு ஆண்களை உட்கார வைத்திருந்தார்கள். நான் சீக்கிரமே போய், கூடத்து மூலையில் இருந்த தேக்கு அலமாரி மேல் முக்காலி போட்டு ஏறி ப்ளாஷை வைத்தேன். வெள்ளிப் பெட்டியின் கம்பியை இழுத்துவிட்டேன். கூரையில் பட்டு வெளிச்சம் சாய்வாக இறங்குகிற மாதிரி திருப்பினேன். துறைமுகப் பேச்சுக்குத் துள்ளுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். இந்த வீடு காயலை விட்டுத் தள்ளி, தடிமனான சுவர் வேறு. துள்ளவில்லை. அப்போதும் ஹவாபாயிடம் சொன்னேன், மேலே ஒரு விளக்கு வைத்திருக்கிறேன், நான் அமுக்கினால் அது அடிக்கும் என்று. சரி மகளே என்றார்.

அந்தக் காலை நேரத்தை மட்டும் யாராலும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. மணப்பெண் கையில் மருதாணி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா அத்தர் தடவினாள். காதில் லோலாக்கு மாட்டும்போது பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், அந்த மூடின இமை மேல் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்ததை நான் கண்ணாலேயே பார்த்தேன். படம் எப்படி வரும் என்று கழுவாமலே தெரிந்தது. இத்தனை வருஷம் மனசுக்குள் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த படங்கள் ஒவ்வொன்றாக ரோலில் ஏறின. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

பெண்ணை அலங்கரித்து உட்கார வைத்ததும் கொஞ்சம் ஓய்வு. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு மூடியையும் போட்டு, ஷர்பத் குடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் சரியான புழுக்கம். ஆண்கள் வர மாட்டார்கள் என்கிற நிம்மதியில் எல்லாரும் துப்பட்டாவை எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் இரண்டு பெண்கள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அலமாரி மேல் பளிச்சென்று அடித்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் ஷர்பத் டம்ளர். யாரோ சிரித்தாள். மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பந்தல் பக்கத்து ஜன்னலின் கலர் கண்ணாடியில் அதே நேரத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் மட்டும் பார்த்தேன். வெளியே நிக்காஹ் நடக்கிறது. என் வீட்டுக்காரர் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் அங்கே ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் இங்கே அடிக்கிறது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு முக்காலியைத் தேடினேன். அதில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பி, கூட்டத்தைத் தள்ளி, அலமாரிக்குப் போவதற்குள் இன்னும் இரண்டு தடவை அடித்துவிட்டது.

அந்தப் பெட்டியில் சார்ஜ் காட்டுவதற்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதைப் பார்த்து ஒருத்தி, கேமரா, மேலே கேமரா வைத்திருக்கிறார்கள், யாரோ வெளியிலிருந்து நம்மைப் படம் எடுக்கிறார்கள் என்றாள். அதற்கப்புறம் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. பால் கொடுத்தவள் குழந்தையைப் போர்த்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். வெளியே நிக்காஹ் ஓதும் நேரத்தில் மணப்பெண் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டு விம்மினாள். துடைப்பக் கட்டையால் யாரோ ப்ளாஷைத் தட்டினார்கள். என் கால் பக்கத்தில் விழுந்து உடைந்தது. அது கேமரா இல்லை, வெறும் விளக்கு, அதில் படம் பிடிக்க முடியாது என்று நான் மலையாளத்திலும் தமிழிலும் கத்தினேன். யார் அமுக்கியது அப்படியானால் என்று ஹவாபாய் கேட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வந்துவிட்டார்கள். ஹவாபாயின் தம்பி, துபாயிலிருந்து வந்த மூத்த மகன், என் வீட்டுக்காரர். திரையின் ஓரத்தில் தெரிந்தது. அவர் கேமராவில் வயர் மாட்டியிருந்தது. பக்கத்தில் கூலியாள் ப்ளாஷைத் தூக்கிக்கொண்டு நின்றான். இரண்டு நிமிஷத்தில் மாற்றியிருக்கிறார். கை வேகம் அப்படி. வெள்ளிக் கம்பியின் நுனி அவர் பேன்ட் பாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் வயர்லதானே எடுக்கேன், பாருங்கோ," என்றார். "அந்த மெஷினு அவ செலக்ட் பண்ணினது. எல்லாம் அவதான் சோதிச்சுப் பாத்து வாங்கச் சொன்னா, வேணும்னா அழகர் சேட்டன்கிட்ட கேளுங்கோ. எனக்கு அதப்பத்தி ஒண்ணும் அறியாது. பொம்பளை கைதானே, எங்கயோ தப்பா அமுக்கியிருப்பா."

பொய், அவர் பாக்கெட்டில் கையை விட்டுப் பாருங்கள் என்றேன். யாரும் விடவில்லை. துபாய் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வயர்லெஸ்ஸா, எங்கே ஒன்று அடித்துக் காட்டுங்கள் என்று நிக்காஹ் நேரத்தில் என் வீட்டுக்காரரிடம் கேட்டது அவன்தான். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவன் வாயைத் திறந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவனுக்கும் அம்மாவிடம் பயம்.

ஹவாபாய் என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். திறக்கிற இடம் அவருக்குத் தெரியவில்லை. என்னிடமே நீட்டினார். நானே திறந்து, ரோலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை முழுக்க வெளியே இழுத்தார். மூடின இமை, அத்தர் விரல், மருதாணி, எல்லாம் பழுப்பு நாடாவாக அவர் காலடியில் சுருண்டது. என்னைச் சமையல்கட்டு வழியாக வெளியே அனுப்பினார்கள். மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பாடு முடிந்து, மிச்சப் படங்களையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் வந்தார்.

அன்றைக்கு அவரைக் கேட்காத கேள்வி இல்லை. கத்தித் தீர்த்தேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நான்னு சொல்லியிருந்தா என் கையக் கால எடுத்திருப்பானுவ. நீ பொம்பளை. ஒன்ன என்ன செய்வாங்க? திட்டுவாங்க, அவ்வளவுதானே."

அவர் சொன்னது நிஜம். ஆண்பிள்ளை ஒருவன் பெண்கள் கூடத்துக்குள் வெளிச்சம் அடித்தான் என்றால் அன்றைக்கு ரத்தம் பார்த்திருப்பார்கள். நிஜமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைத் தள்ளிவிட்டு, அதற்கு நியாயமும் கையில் வைத்திருக்கிறார். என் சோற்றுக்கு மேல் தன் உயிரை வைத்தார் என்றால்கூட ஆறிவிடும். ஆனால் அன்றைக்கு வெள்ளிப் பெட்டியைக் கையில் எடுத்தது உயிருக்காக இல்லை. நாலு பேர் வந்து கேட்க வேண்டும் என்பதற்காக.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு திரையும் எனக்குத் திறக்கவில்லை. மற்ற தெருக்களும் சாத்திக்கொண்டன.

ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோ கண்ணாடிப் பெட்டியில் அவர் ஒரு பெரிய படம் மாட்டினார். ஹவாபாய் வீட்டு நிக்காஹ். பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையும் கை பிடித்திருக்கிறார்கள். முன்னாலிருந்து ஒரு வெளிச்சம். பின்னால், தகரப் பந்தலின் கோடியிலிருந்து இன்னொரு வெளிச்சம். ஒழுகுகிற மழை நூல் நூலாக மின்னுகிறது. இரண்டு கைகளின் ஓரமும் பொன் கோடு போட்டது மாதிரி இருக்கிறது. அவர் ஆயுசில் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. வெளிச்சம் வந்த மூலை மழைக்குள் வெட்டவெளி. அங்கே ஆள் இல்லை, ஸ்டாண்டு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. எங்களிடமிருந்த வயர் அதில் பாதி தூரம்கூட எட்டாது. தொழில் தெரிந்தவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான், இது வயரில் எடுத்த படம் இல்லை என்று. அதைப் பொதுத் தெருவில் மாட்டி வைக்கிற அளவுக்கு அவருக்கு என்னைப் பற்றி நினைப்பே இல்லை.

ஒரு பிரிண்ட் போட்டு, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஹவாபாய் வீட்டுக்குப் போனேன். பின்வாசலில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். இந்த வெளிச்சம் அடித்த நேரத்தில்தான் உள்ளேயும் அடித்தது, நான் அமுக்கவில்லை, இனியாவது நான்கு பேரிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு மலையாளத்தில் சொன்னார். என் தமிழில் சொல்கிறேன்.

"மறுநாளே எனக்குத் தெரியும் பாக்கியம். மகன் சொல்லிவிட்டான். ஆனால் நான் அதை வெளியே சொன்னால் என்ன ஆகும்? ஒரு ஆண்பிள்ளை வெளியே நின்று எங்கள் பெண்கள் மேல் வெளிச்சம் அடித்தான் என்று ஆகும். என் மகளுக்கு மாமியார் வீடு இருக்கிறது. ஒரு பெண் தெரியாமல் எதையோ அமுக்கிவிட்டாள் என்றால் அதோடு போயிற்று. அது அப்படியே இருக்கட்டும்."

எழுந்து உள்ளே போய் ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நல்ல பச்சை ஏலக்காய், கப்பலுக்குப் போகிற தரம். திரும்பி வருகிற வழியில் கல்வத்திப் பாலத்திலிருந்து அதை வாய்க்காலில் கொட்டினேன்.

இப்போது கல்யாண வீடுகளுக்கு அவர் தனியாகத்தான் போகிறார். இரண்டாவது ப்ளாஷ் ஸ்டாண்டில் நிற்கிறது, அதைப் பிடிக்க ஆள் வேண்டாம். நான் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பிரிண்டுகளின் ஓரம் வெட்டுகிறேன், பின்னால் சிவம் ஸ்டுடியோ என்று ஸ்டாம்பு அடிக்கிறேன். என்னுடைய ஸ்டாம்பு பிராட்வே கடைக்காரன் சுற்றிக் கொடுத்த காகிதத்திலேயே மேசை டிராயரில் கிடக்கிறது. மை தொட்டதில்லை.

போன வாரம் எர்ணாகுளத்திலிருந்து இளவயசு போட்டோகிராபர் ஒருவன் வந்தான். கண்ணாடிப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்று அந்தப் படத்தைப் பார்த்தான். உள்ளே வந்து, பின்னாலிருந்து வெளிச்சம் எப்படி சார் வந்தது என்று கேட்டான். என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, கம்பியை முழுசாக இழுத்துக் காட்டினார்.

"வயர்லெஸ்ஸு. முந்நூறு அடி பாயும். மூணு தினுசு வந்துச்சு, எம் பொண்டாட்டிதான் ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்து இதச் செலக்ட் பண்ணினா. இதுலெல்லாம் அவளுக்கு நல்ல மூளை."

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் மரியாதை. எத்தனையோ வருஷமாக ஒரு போட்டோக்காரன் என்னை அப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன்.

நான் கத்திரியைக் கீழே வைத்தேன். "நான் சொன்னது நாலு நம்பர் பெட்டி," என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவ அப்படித்தான். பெருமையா ஒண்ணு சொன்னா ஒத்துக்கிட மாட்டா, அடக்கம் ஜாஸ்தி," என்று பையனிடம் சொல்லிவிட்டு, கம்பியை உள்ளே தள்ளினார்.